சேதுவின் இடது கை

அத்தியாயம் 17

போன வாரம் பிரமிளாவை அப்பன் வீட்டு வாசலில் பையோடு நிற்க வைத்துவிட்டுப் போய்விட்டோம். ஏழு நாளாக நிற்கிறாள் பாவம். முதலில் அவளை உள்ளே கூப்பிட்டுவிடுவோம். ஒரு கண் வேறு மூடிக் கிடக்கிறது.

செரண்டாவில் புருஷன் குகனின் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டதாகச் சொன்னாள். முட்டியில் கீறல் இல்லை. உள்ளங்கையில் சிராய்ப்பு இல்லை. இடது கண்ணும் மேலுதடும் மட்டும் தனியாக விழுந்திருந்தன.

விஜயராணி, அடிபட்ட மாம்பழத்தைக் கடைக்காரன் பார்க்காத நேரத்தில் திருப்பிப் பார்ப்பதைப் போல, மகளின் முகத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போனாள்.

அப்பா சேது மட்டும் காலைப் பசியாறும்போது ஒரு வார்த்தை கேட்டார். விழுந்துட்டேம்பா என்றாள். குகனை மெதுவா ஓட்டச் சொல்லு என்றார். அப்படிப்பட்ட கண்களைத் தன் கையாலேயே செய்து பழகிய மனிதர். எது விழுந்த கண், எது விழவைத்த கண் என்று அவருக்கா தெரியாது?

இரண்டு வருஷத்துக்கு முன்பு முதல் அறை வாங்கிக்கொண்டு இதே வாசலுக்கு வந்தவளை, ஒரு அறைதானே, இதுக்கெல்லாமா வருவே என்று இதே அப்பாதான் திருப்பி அனுப்பினார். அது ஒன்பதாம் அத்தியாயம். மறந்தவர்கள் வீட்டில் பழைய இதழ் இருந்தால் புரட்டிக்கொள்ளலாம். பிரமிளா மறக்கவில்லை.

ஆனால் இன்று அதைப் பேச நேரமில்லை. பதினோரு மணிக்குச் சேதுவின் இடது கைக்கு ஸ்கேன்.

அந்தக் கையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சிறுநீரகம் இரண்டும் போய் நாலு வருஷம். வாரத்தில் மூன்று நாள் கோலசிலாங்கூரில் மிஷினில் படுக்கிறார். ரத்தத்தை வெளியே எடுத்துக் கழுவி உள்ளே அனுப்ப உடம்பில் ஒரு வாசல் வேண்டும். இதயத்திலிருந்து வரும் குழாயையும் திரும்பிப் போகும் குழாயையும் கையிலேயே தைத்துச் சேர்த்து அந்த வாசலைச் செய்கிறார்கள். ஃபிஸ்டுலா என்று பெயர். இடது மணிக்கட்டில் போட்ட முதல் வாசல் எட்டு மாதத்தில் ஒடுங்கி அடைந்தது. முன்கையில் போட்ட இரண்டாவதை இரண்டு முறை உள்ளே பலூன் விட்டு விரித்துப் பார்த்தார்கள். அதுவும் மூடிக்கொண்டது. வலது கையில் ஊசி குத்திக் குத்தி நரம்புகள் நூலாகிவிட்டன.

மிச்சம் இருந்தது இடது முழங்கைக்கு மேலே ஓர் இடம். மூன்று மாதத்துக்கு முன்பு அங்கே மூன்றாவதைப் போட்டார்கள். அது பழுக்கும்வரை கழுத்தில் ஒரு குழாய். அந்தக் கழுத்துக் குழாயில் இரண்டு முறை கிருமி புகுந்து, இரண்டாவது முறை காய்ச்சலில் சேது செத்துப்போன தன் அம்மாவோடு பேச ஆரம்பித்துவிட்டார். மூன்றாவது கிருமிக்கு உயிர் தாங்காது. கையும் அடைந்துபோனால் வேறு இடமும் கிடையாது. நிலவரம் அவ்வளவுதான்.

மகன் ஷர்வின் மைவி காரை எடுத்தான். ராவாங்கில் மாலை ஷிப்டு வேலை. பிரமிளா வீட்டிலேயே இருந்துகொண்டாள். அவள் போன் காலையிலிருந்து அதிர்ந்துகொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அன்பரசி. முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். மூன்றாவது வாசலைப் போட்டு, அதில் ஸ்டெம் செல் ஆராய்ச்சி நடத்துகிறவர் அவர்தான். சேதுவை அங்கிள் என்பார். நோயாளியின் மனைவிக்கும் விளக்கம் சொல்லவேண்டும் என்று நினைக்கிற அபூர்வ டாக்டர்.

திரும்பிப் போகிற குழாய் சாதுவானது ஆண்ட்டி, சுவர் மெல்லிசு என்று அவர் விளக்கினார். அதைப் பெரிய குழாயோடு தைத்துவிட்டால் ஒவ்வொரு துடிப்பும் அதற்கு ஓர் அடி. நாளைக்கு லட்சம் அடி. அடி வாங்க வாங்கச் சுவர் தடித்துக்கொண்டே போகும். கடைசியில் வழியே இருக்காது.

விஜயராணிக்கு இதை இரண்டாவது தடவை விளக்க வேண்டியிருக்கவில்லை.

அந்தச் சுவரைச் சமாதானப்படுத்தத்தான் ஸ்டெம் செல். தொப்புளுக்குக் கீழிருந்து கொஞ்சம் கொழுப்பை எடுத்து, அதிலிருக்கும் செல்களை வளர்த்து, ஆப்பரேஷன் அன்று தைத்த இடத்தைச் சுற்றி விடுவது. சொந்த உடம்பின் சரக்கு. அது பக்கத்தில் இருந்தால் சுவர் பயந்து தடிக்காது என்பது எதிர்பார்ப்பு. ஆனால் சோதனை என்பதால் பாதிப் பேருக்குத்தான் செல். மற்றவர்களுக்கு உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்பது ஒட்டிய உறைக்குள் இருக்கிறது. டாக்டருக்கும் தெரியாது.

கண்ணால் பார்க்காத மூட்டையை எந்த வியாபாரியும் வாங்கமாட்டான். சேது வாங்கினார். கடையில் வேறு மூட்டை இல்லை.

டாக்டர் ஜெல்லைத் தடவிக் கருவியை வைத்ததும் அறை முழுக்க மதகு திறந்த சத்தம் கேட்டது. திரையில் சிவப்பும் நீலமும் ஓடின. அளந்தார். இன்னோர் இடத்தில் அளந்தார். பிறகு நாற்காலியைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

“ஆறு மில்லிமீட்டர் அகலம் அங்கிள். எங்கேயும் ஒடுங்கல. உள்சுவர் வழவழன்னு இருக்கு. திங்கக்கிழமை முதல் ஊசி போட்டுடலாம்.”

நாலு தடவை ஒழுங்காக ஓடினால் கழுத்துக் குழாயை எடுத்துவிடலாம். அதுவரை அந்தக் கையில் கனம் தூக்கக்கூடாது, கடிகாரம் கட்டக்கூடாது, அந்தப் பக்கம் படுக்கக்கூடாது, யாரும் அழுத்தக்கூடாது. அழுத்தினால் ஓட்டம் நிற்கும், நின்றால் ரத்தம் உறையும் என்று மூன்று முறை சொன்னார்.

எல்லாம் நல்லபடி முடிந்திருக்கும். டாக்டர் இரண்டு கைகளையும் நாடாவால் சுற்றி அளந்து ஃபாரத்தில் எழுதும்போதுதான் வினை பிடித்தது. இடது கை வலது கையைவிடக் கணிசமாகப் பருமன்.

“அங்கிள், நீங்க இடதுகைக்காரரா?”

சேது இல்லை என்றார். சாப்பிடுவது, கையெழுத்துப் போடுவது, திருநீறு வாங்குவது எல்லாம் வலது கை.

“தோட்டத்துல செம்பனைக் குலை வெட்டுனது எந்தக் கை?”

அது இடது கை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அவருடைய இடது கையை மேசைக் காலோடு கயிற்றில் கட்டிவைத்து எழுதச் சொல்லிக்கொடுத்தவர். சோறும் எழுத்தும் வலது கைக்குப் போயின. அரிவாள், கோடாரி, அறை எல்லாம் பழைய இடத்திலேயே தங்கிவிட்டன.

டாக்டர் நெற்றியைத் தட்டிக்கொண்டார். பலமான கையில் வாசல் போடமாட்டோம் அங்கிள், அதற்காகத்தான் ஆரம்பத்திலேயே கேட்கிறோம், ஃபாரத்தில் வலது கைக்காரர் என்று போட்டிருக்கிறதே என்றார். அவர் அண்ணனும் இப்படித்தானாம். நம் வீடுகளில் எந்தக் கை என்று கேட்டால் சோறு தின்கிற கையைத்தான் சொல்வார்கள், தன் நர்ஸுகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டும் என்று தானே சிரித்தார். இனி ஒன்றும் செய்வதற்கில்லை, இந்தக் கை நன்றாகவே இருக்கிறது, விடுங்கள்.

சேது சிரிக்கவில்லை. நாலு வருஷத்துக்கு முன்பு, முதல் நாள், உடம்பு வீங்கி அரை மயக்கத்தில் சாய்ந்து கிடந்தபோது அந்த ஃபாரத்துக்குப் பதில் சொன்னது யார் என்று அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது.

விஜயராணி சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வண்டியில் சேது பின் இருக்கையில் உட்கார்ந்தார். முன்னால் உட்கார்ந்தால் பெல்ட் இடது தோளை அழுத்தும். அவருக்கு இடது பக்கத்தில் விஜயராணி. அதாவது அவளுடைய வலது காது அவர் பக்கம். அந்தக் காது கேட்காமல் போய்ப் பதினோரு வருஷமாகிறது. அது எப்படிப் போனது என்று வீட்டில் யாரும் பேசுவதில்லை. ஆகவே முதல் முறை கேட்டது அவளுக்குக் கேட்கவில்லை.

சேது அவள் தாடையைப் பிடித்துத் திருப்பினார்.

“தெரியாமச் சொன்னியா, தெரிஞ்சு சொன்னியா?”

ஈஜோக் தாண்டிச் செம்பனை மரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவள் அவர் கையைத் தாடையிலிருந்து மெதுவாக எடுத்து, அவர் மடியிலேயே வைத்தாள்.

“எந்தக் கைன்னு நர்ஸ் கேட்டாங்க. அதுவரைக்கும் இருபத்தேழு வருஷமா வாங்கினவளுக்கு எந்தக் கைன்னு தெரியாதா?”

ஷர்வின் கண்ணாடியில் பார்த்தான். அம்மா இப்படிப் பேசி அவன் கேட்டதில்லை.

“அப்ப முதல் ரெண்டும் போனது உன்னாலதான்.”

“இருக்கலாம். அதுக்கு அழுதிருக்கேன். ஆனா மறுபடி கேட்டாலும் அதையேதான் சொல்வேன். அந்தக் கை ஓங்காத இந்த நாலு வருஷமாத்தான் நான் தூங்குறேன்.”

இடது கை எழுந்தது. சேது அதை எழச் சொல்லவில்லை. அதற்கு வழி தெரியும், தானாகவே எழுந்தது. விஜயராணி கண்ணை மூடவில்லை. தலையை மட்டும், நல்ல காதைக் காப்பாற்ற, ஜன்னல் பக்கம் கொஞ்சம் சாய்த்தாள். அவ்வளவு பழக்கம்.

ஷர்வின் பிரேக்கை மிதித்தான். பின்னால் வந்த லோரி ஹார்னை அலறவிட்டு உரசாத குறையாக விலகிப் போனது. அவன் திரும்பிப் பார்த்து, குரலை உயர்த்தாமல் சொன்னான்.

“அடிங்கப்பா. திங்கக்கிழமை ஊசி குத்த கை இருக்காது. அப்புறம் மிஷினுக்கு நீங்க நடந்து போய்க்குங்க.”

கை அந்தரத்தில் நின்றது. முழங்கைக்கு மேலே தோலுக்கடியில் அந்த அதிர்வு, டப்பாவில் அடைத்த தேனீ மாதிரி, கிர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. சேது அதை இறக்கி மடியில் வைத்து, வலது கையால் மூடிக்கொண்டார். வீடு இருக்கும் புக்கிட் ரோத்தான் வரும்வரை எடுக்கவில்லை.

ஷர்வின் இருவரையும் முச்சந்தியில் இறக்கிவிட்டு அப்படியே ராவாங் போய்விட்டான். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. வீட்டு வாசல்வரை வந்திருந்தால் பாதிக் கதை நடந்திருக்காது.

வாசலில் குகனின் மோட்டார் சைக்கிள் நின்றது.

குகன் இரும்புக் கதவை உதைத்துக்கொண்டிருந்தான். உள்ளே பூட்டிக்கொண்டு பிரமிளா. பக்கத்து வீட்டுத் தங்கமணி, ஜன்னல் கண்ணாடிப் பட்டைகளை ஓர் அங்குலம் திறந்துவைத்து, காதில் போனோடு நின்றிருந்தாள். மாமனாரைப் பார்த்ததும் குகன் காலைக் கீழே போட்டுவிட்டு வாங்க மாமா என்றான். மரியாதைக்காரன். அடிக்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் மரியாதைக்காரன்.

உள்ளே வந்து உட்கார்ந்து பேசலாம் என்றான். பிரமிளா கதவைத் திறந்தது அம்மா அப்பாவுக்காக. அவனும் கூடவே நுழைந்துவிட்டான். உட்காரவில்லை. ஹெல்மெட்டை வாரில் பிடித்துத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றான்.

அவன் சொன்னது இதுதான். ஒரு கோபத்தில் கை நீண்டுவிட்டது. வீட்டு விஷயத்தை ஊரறிய வைத்தால் அவன் மானம் என்ன ஆவது? இப்போதே கிளம்பினால் எல்லாவற்றையும் மறந்துவிடுவான். இன்றைக்கு வேண்டாம், இங்கேயே இருக்கட்டும் என்றார் சேது. குகன் அவரை ஆச்சரியமாகப் பார்த்தான்.

“நீங்க அத்தைய அடிக்காததா மாமா? அத்தை எங்கயாச்சும் ஓடுனாங்களா?”

சேது விஜயராணியின் பக்கம் திரும்பினார். அந்த இடைவெளியில் குகன் எட்டிப் பிரமிளாவின் தலைமுடியைக் கையில் சுற்றினான்.

அவள் நாற்காலியைப் பிடித்தாள். நாற்காலியும் கூடவே வந்தது. நிலைப்படியில் அவள் நெற்றி மோதியது. மோதிய இடத்திலிருந்து ரத்தம் நேராக, ஏற்கெனவே மூடியிருந்த கண்ணுக்குள் இறங்கியது. விஜயராணி குறுக்கே விழுந்து அவன் மணிக்கட்டைக் கடித்தாள். அவன் ஹெல்மெட்டைச் சுழற்றினான். அது அவள் வாயில் பட்டது. ஒரு பல் சிமெண்டுத் தரையில் சோழி போல உருண்டு அலமாரிக்கடியில் போனது.

சேது பாய்ந்தார். பழக்கம் எந்தக் கையை உயர்த்துமோ அந்தக் கை உயர்ந்தது.

குகன் அதற்குத்தான் காத்திருந்தான். மாமனாரை மிஷினுக்கு இருபது தடவையாவது வண்டியில் கூட்டிப்போனவன். நர்ஸ் சொல்வதையெல்லாம் பக்கத்தில் நின்று கேட்டவன். முடியையும் ஹெல்மெட்டையும் விட்டுவிட்டு, வந்த கையை அந்தரத்திலேயே பிடித்தான். முழங்கைக்கு மேலே, சரியான இடத்தில், இரண்டு கட்டைவிரலும் தழும்பின் மேல்.

இன்னும் அழுத்தவில்லை. பிடித்திருந்தான், அவ்வளவுதான்.

“பிரமி, பைய எடு. இல்லன்னா இதை நிறுத்திடுவேன்.”

பேரத்தில் வல்லவன் எதிராளியின் பெட்டியில் எது விலைமதிப்பில்லாதது என்று முதலில் கண்டுபிடிப்பான். குகன் கண்டுபிடித்துவிட்டான். அவன் விரலுக்கடியில் மாமனாரின் மிச்சமிருக்கும் வருஷங்கள் கிர்ரென்று ஓடிக்கொண்டிருந்தன.

பிரமிளா எழுந்தாள். முகத்தை முன்கையால் துடைத்தாள். வர்றேன், அவரை விடுங்க என்றாள். மூலையில் இருந்த பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். காலையில் கழற்றிப்போட்ட செருப்பைக் காலால் தேடினாள்.

“பையைக் கீழ போடும்மா,” என்றார் சேது.

அவள் நின்றாள்.

சேது மருமகனைப் பார்த்தார். இரண்டு முகத்துக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி.

“அமுக்கு.”

குகனுக்குப் புரியவில்லை. மாமா, செத்துப்போயிடுவீங்க என்றான். குரலில் உண்மையான அக்கறை இருந்தது. அதுதான் வேடிக்கை.

“போறேன். நீ அமுக்கு. அவ வரமாட்டா.”

பொருளைப் பணயம் பிடித்தவனிடம், பொருளை உடைத்துக்கொள் என்று சொந்தக்காரனே சொல்லிவிட்டால் அவன் என்ன செய்வான்? ஒன்று கையை விடவேண்டும், அல்லது உடைக்கவேண்டும். குகன் விடத் தெரியாத ஆள். பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினான்.

மோட்டாரை அணைத்ததுபோல அதிர்வு நின்றது. சேதுவின் விரல் நுனிவரை வலி இறங்கியது. வலது கையால் குகன் முகத்தில் குத்தினார். அறுபது வருஷமாகச் சோறு மட்டும் தின்ற கை. குழந்தை குத்தியது போல விழுந்தது. மறுபடி குத்தினார். குகன் கன்னத்தைத் திருப்பிக்கொண்டு இன்னும் அழுத்தினான். பிரமிளா அவன் விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள். முழங்கையால் அவளை நெஞ்சில் இடித்தான். சுவரில் போய் விழுந்து மூச்சு வராமல் உட்கார்ந்தாள். ஒரு நிமிஷம் போனது. இரண்டு நிமிஷம்.

விஜயராணி சமையலறையிலிருந்து வந்தாள். வாயிலிருந்து ரவிக்கைவரை சிவப்பு. இரண்டு கையிலும் அம்மிக் குழவி. வெங்காயம் நசுக்கிய ஈரம் இன்னும் காயவில்லை.

அவள் அவசரப்படவில்லை. பக்கவாட்டில் வந்து நின்று, காலை அகட்டி வைத்து, குகனின் முழங்காலைக் குறி பார்த்து அடித்தாள்.

காய்ந்த மட்டையை மிதித்த சத்தம். குகன் விழுந்தான். விழும்போதும் கையை விடவில்லை, சேதுவும் அவன் மேலேயே சரிந்தார். விஜயராணி குனிந்து, சேதுவைப் பிடித்திருந்த குகனின் ஒரு கையைப் பிய்த்து எடுத்து, தரையில் மல்லாக்க வைத்து, விரல்கள் மேல் குழவியை இறக்கினாள். அதற்குப் பிறகுதான் அவன் கத்தினான். மூன்றாவதாக அவள் ஓங்கியது தலைக்கு. பிரமிளா தவழ்ந்து வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

“அம்மா, போதும்மா. போதும்.”

குழவி தரையில் விழுந்து ஒரு சில்லு பெயர்ந்தது.

சேது சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். சட்டைக் கையை ஏற்றிப் பார்த்தால் முழங்கைக்கு மேலே நீலமாகத் தடித்திருந்தது. பிரமிளா மூன்று விரலை வைத்துப் பார்த்தாள். இடம் மாற்றி வைத்துப் பார்த்தாள். ஒன்றும் ஓடவில்லை.

டாக்டர் அன்பரசியின் எண்ணை அம்மாவின் போனில் தேடி எடுத்துப் பேசினாள். எவ்வளவு நேரம் அழுத்தினார்கள் என்று டாக்டர் கேட்டார். மூன்று நிமிஷம் இருக்கும், நாலும் இருக்கலாம். காலையில் பார்த்தபோது உள்சுவர் வழவழப்பாக இருந்தது, அது ஒன்றுதான் நம் கட்சி, பழைய குழாய்களாக இருந்திருந்தால் இந்நேரம் முடிந்திருக்கும் என்றார். தானாகவே திரும்ப ஓடினாலும் ஓடும். உறைந்திருந்தால் சீக்கிரம் வந்தால் உருவி எடுத்துவிடலாம். ஆம்புலன்சுக்குக் காத்திருக்காமல் ஆறு மணிக்குள் கொண்டுவாருங்கள். கையை நீட்டியே வைத்திருங்கள். மடக்கவேண்டாம், எதையும் கட்டவேண்டாம். போனை வைக்காதீர்கள், நான் கூடவே இருக்கிறேன்.

பிரமிளா சொன்னதையெல்லாம் வீட்டுக்குள் ஒப்பித்துவிட்டு, போனைக் காதோடு பிடித்துக்கொண்டு, வழியில் வரும் எந்த வண்டியையாவது மறிக்க முச்சந்திக்கு ஓடினாள். நெற்றி ரத்தத்தோடு ஒரு பெண் நடுரோட்டில் நின்றால் நிறுத்துகிறவர்களைவிட வேகமெடுப்பவர்கள்தான் அதிகம். முதல் லோரி விலகிப் போனது. இரண்டாவதும் போனது.

மூன்றாவதாக வந்தது போலீஸ் கார். அவள் கையைக் காட்டுவதற்கு முன்பே அவளைத் தாண்டித் தெருவுக்குள் திரும்பியது. கதவை உதைக்கும்போதே தங்கமணி அழைத்துவிட்டிருந்தாள்.

இரண்டு போலீஸ்காரர்கள். ஒருவர் இளைஞர். அவர் கண்ணில் பட்டவை வரிசையாக இவை: தரையில் முழங்கால் திரும்பிக் கிடக்கும் ஒருவன், ரத்தம் ஒட்டிய கல், வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு நிற்கும் பெண்மணி, நீளக்கைச் சட்டையும் கழுத்துப் பட்டனும் போட்டுச் சுவரோரம் உட்கார்ந்திருக்கும் பெரியவர். கழுத்துக் குழாயும் நீலம் பாய்ந்த இடமும் சட்டைக்குள் இருந்தன.

யார் அடித்தது என்று மலாயில் கேட்டார்.

சேது சுவரைப் பிடித்து எழுந்தார். நான்தான் என்றார்.

விஜயராணி அவரைத் திரும்பிப் பார்த்தாள். முப்பத்தோரு வருஷத்தில் அந்த மனிதர் அவளுக்காக எதையும் வாங்கிக்கொடுத்ததில்லை, தீபாவளிச் சேலைகூட அவளாகவே வாங்கிக்கொண்டதுதான். சேது அவளுடைய நல்ல காதுப் பக்கமாக வந்து தமிழில் சொன்னார்.

“நீ சும்மா இரு. இதையாவது நான் வாங்கிக்கிறேன்.”

அவள் சும்மா இருக்கவில்லை. பல் போன வாயோடு, தெரிந்த கொஞ்சம் மலாயில், அடித்தது தான்தான் என்று இரண்டு கைகளையும் நீட்டினாள். போலீஸ்காரர் அந்தக் கைகளைப் பார்த்தார், குகனின் முழங்காலைப் பார்த்தார். இரண்டுக்கும் அவர் கணக்கில் பொருத்தம் இல்லை. அடிபட்டவனிடமே கேட்டுவிடலாம் என்று குனிந்தார்.

இங்கேதான் குகன் தன் வாழ்நாளின் மிகப் பெரிய பொய்யைச் சொன்னான். ஒரு பொம்பளை, அதுவும் சொந்த மாமியார், வெங்காயம் அரைக்கிற கல்லால் தன் காலை முறித்தாள் என்று நாளைக்குத் தொழிற்சாலையில் நாலு பேர் சொல்லுவார்கள். அதைவிட ஜெயிலே மேல், அடுத்தவனுடைய ஜெயில்.

“மாமாதான்,” என்றான். “மாமாதான் அடிச்சாரு.”

இரண்டு ஆம்பளைகள் ஒரே மாதிரிச் சொல்லும்போது ஒரு பெண் வேறு மாதிரிச் சொன்னால் யாருடைய சொல் எடுபடும் என்று உங்களுக்குத் தெரியும்.

இளைஞர் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். பாக்சிக், அதாவது பெரியவரே, திரும்பி நில்லுங்கள் என்றார். விஜயராணி இப்போது வேறு பாட்டைத் தொடங்கியிருந்தாள். கை சாக்கிட், கை சாக்கிட் என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். விலங்கைப் பார்த்தால் எல்லோருக்கும் கை வலிக்கத்தான் செய்யும் என்று அவர் நினைத்திருக்கலாம். நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் அம்மா என்று அவளை நகர்த்திவிட்டு, சேதுவின் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மடக்கினார்.

அப்போதுதான் சேது அதை உணர்ந்தார். நீலம் பாய்ந்த தோலுக்கடியில், வெகு மெல்லிசாக, ஒரே ஒரு கிர். நின்றது. மறுபடி ஒன்று. யாரோ கதவுக்கு அந்தப் பக்கம் நின்று தட்டுவது போல. உப்புத் தண்ணீரோ, அவர் வயிற்றுக் கொழுப்பின் செல்லோ, ஏதோ ஒன்று இத்தனைக்குப் பிறகும் வழியைத் திறந்துவைத்திருந்தது.

“சார்,” என்று வாயைத் திறந்தார்.

விலங்கு கிளிக் என்றது.

பிரமிளா மூச்சிரைக்க வாசலுக்கு வந்தபோது, அப்பாவைக் காரின் பின்சீட்டில் உட்காரவைத்துக்கொண்டிருந்தார்கள். இடது முழங்கை அவர் முதுகுக்கும் சீட்டுக்கும் நடுவே மடங்கி நசுங்கியிருந்தது. அம்மா காரின் கதவை மூடவிடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். பிரமிளாவின் காதில் டாக்டர் அன்பரசி இன்னும் பேசிக்கொண்டுதான் இருந்தார்.

“ஹலோ, பிரமிளா? கை நீட்டியிருக்கில்ல? அதுமேல ஒண்ணும் இறுக்கமா இல்லையே?”